நாலு பேர் சேர்ந்து ஆட 'ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்': கேம் நல்லதா, இல்லை நம் பழைய ஞாபகம் நல்லதா?

ப்ளேயர்2 | சனி, இரவு 9:12

வணக்கம் மக்களே. அடுத்த வாரம் அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. வெளியே மழை வேறு. டிவி முன்னால் பாய் போட்டு நாலு பேரும் ஒன்றாக ஆடுகிற மாதிரி ஒரு கேம் தேடுகிறேன்.

மனதில் இருப்பது 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ்: ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்'. 2022 ஜூனில் வந்தது. 1987-இல் தொடங்கிய, நாலு நிஞ்சா ஆமைகளின் கார்ட்டூன் தொடரை வைத்து, தொண்ணூறுகளின் ஆர்கேட் (கடையில் காசு போட்டு ஆடும் மெஷின்) கேம் போலவே புள்ளிப்புள்ளியாக வரைந்து செய்திருக்கிறார்கள். தனியாகவே மூன்று முறை முடித்துவிட்டேன். பிடித்தது. ஆனால் ஏன் பிடித்தது என்பதில்தான் சந்தேகம்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. கூடவே மஞ்சள் கேசட் ஒன்று, அதில் ஓர் ஆமை கேம். அண்ணன் முதல் ஜாய்ஸ்டிக், நான் இரண்டாவது. அது ஒரே ஆள் ஆடும் கேம் என்பது எனக்குத் தெரியாது. நான் அழுத்திக்கொண்டே இருப்பேன், எதுவும் நகராது. கேட்டால் அண்ணன் சொல்வார்: "உன் ஆள் தூங்குறான்டா, எழுந்ததும் சொல்றேன்." எப்போதாவது நீளக் கம்பு வைத்திருக்கும் டொனடெல்லோவுக்கு மாற்றிவிட்டு, "இப்ப நீதான், நல்லா அழுத்து" என்பார். நானும் அழுத்துவேன். ஆமை குதிக்கும். நான்தான் குதிக்க வைத்தேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதனால் கேட்கிறேன். இந்தப் பூர்வ கதை எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு இது பிடிக்குமா? நாலு பேராக ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகேசட் | சனி, இரவு 9:40

உங்கள் அண்ணன் பலே ஆள். அது கொனாமி 1989-இல் வெளியிட்ட முதல் ஆமை கேம். ஒருவர்தான் ஆட முடியும், நடுவில் நிறுத்தி நாலு ஆமைகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். டொனடெல்லோவின் கம்பு மேல் தளத்தில் நிற்பவனைக்கூடக் கீழிருந்தே குத்தும். மற்ற மூன்று பேரை வைத்துக்கொண்டு அந்தக் கேமில் பிழைப்பது கஷ்டம். ஆக, உங்கள் ஆளைத்தான் அவர் ஆபத்துக்கு எழுப்பியிருக்கிறார், சந்தோஷப்படுங்கள்.

அணைக்கட்டு ஸ்டேஜ் ஞாபகம் இருக்கிறதா? தண்ணீருக்குள் எட்டு வெடிகுண்டு, 2 நிமிடம் 20 விநாடி, இரண்டு பக்கமும் மின்சாரம் பாயும் பாசி. என் தலைமுறையில் பாதிப் பேர் அந்த இடத்தைத் தாண்டியதே இல்லை. அந்தப் பாசி நடுவே நீந்தும்போது அறையில் யாரும் மூச்சு விட மாட்டோம்.

அதே 1989-இல் வந்த ஆர்கேட் மெஷின்தான் 'ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்'சுக்கு உண்மையான தாத்தா. நாலு ஜாய்ஸ்டிக், நாலு நிறம். நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்களோ அதுதான் உங்கள் ஆமை. அடுத்து 1991-இல் 'டர்ட்டில்ஸ் இன் டைம்'. எதிரியைப் பிடித்துத் திரையைப் பார்த்து, அதாவது நம் முகத்தைப் பார்த்து வீசுவது அதில்தான் வந்தது. அது மறுவருடம் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தபோது அந்த வீச்சை வைத்தே புதிதாக ஒரு பாஸ் (ஸ்டேஜ் கடைசியில் வரும் பெரிய எதிரி) சண்டையைச் சேர்த்தார்கள். ஆமைகளின் பரம எதிரி ஷ்ரெடர் திரையின் இந்தப் பக்கம், அதாவது நமக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். அடியாட்களைத் தூக்கி அவன் மேல் எறிந்தால்தான் அவனுக்கு அடி விழும். புது கேமிலும் அந்த வீச்சு இருக்கிறது, ஆளின் முகம் கண்ணாடியில் மோதுகிற மாதிரி வந்து நிற்கும். பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

கறார் | சனி, இரவு 10:05

நல்லா ஞாபகத்தில் நீந்துகிறீர்கள். கேமைப் பற்றி யாராவது பேசலாமா?

ஸ்டோரி மோட் 16 ஸ்டேஜ். இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெளியானபோது விலை 25 டாலர். தனியாக ஆடினால் எட்டாவது ஸ்டேஜுக்கு மேல் கை தானாக அழுத்தும், கண் கடிகாரத்தைப் பார்க்கும். வலப்பக்கம் நட, அடி, மறுபடி நட. 1989-க்கும் இதற்கும் நடுவே முப்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது என்பதை யாரும் இவர்களிடம் சொல்லவில்லை போல.

இன்னொன்று. அந்தத் தொடரே பொம்மை விற்க எடுத்தது. பிளேமேட்ஸ் கம்பெனி பொம்மை போடுவதற்கு முன்னால் சந்தையைத் தயார் செய்ய 1987 டிசம்பரில் ஐந்து பாகமாக ஒரு குறுந்தொடர். ஓடியது, அப்புறம் 1996 வரை 193 பாகம் இழுத்தார்கள். 2009-இல் குழந்தைகள் சேனல் நிக்கலோடியனின் தாய்க் கம்பெனி ஆமைகளை மொத்தமாக விலைக்கு வாங்கியது. இப்போது பொம்மை வாங்கிய பிள்ளைகளுக்கு நாற்பது வயது, அதனால் ஞாபகத்தை விற்கிறார்கள். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பிரதி போனதாம். போகாமல்?

ஏப்ரல்அக்கா | சனி, இரவு 10:31

கறார் தம்பி, நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்: "தனியாக".

எனக்கு அந்தக் கார்ட்டூனும் தெரியாது, கேசட்டும் தெரியாது. எங்கள் வீட்டில் டிவி கேம் வாங்கித் தந்ததில்லை, தந்திருந்தாலும் அது தம்பிகளுக்குத்தான் போயிருக்கும். நாற்பதைத் தாண்டித்தான் முதல்முறை கன்ட்ரோலர் பிடித்தேன். இப்போது நான், கணவர், ஒன்பது வயது மகள் மூன்று பேருமாக ஞாயிறு மாலை ஆடுகிறோம். எனவே ப்ளேயர்2-இன் கேள்விக்கு நான் நேரடிச் சாட்சி: பழைய ஞாபகம் துளியும் இல்லாமல் எனக்குப் பிடித்திருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். ஒருவர் உயிர் தீர்ந்து கீழே விழுந்தால் உடனே போய்விட மாட்டார். அவர் தலைக்கு மேல் எண்ணிக்கை ஓடும். அதற்குள் இன்னொருவர் பக்கத்தில் போய்ப் பட்டனை அழுத்திப் பிடித்தால் பீட்சாத் துண்டைக் காட்டி எழுப்பலாம். ஆனால் அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் நம்மை யாராவது அடித்தால் வேலை கெட்டுப்போகும். அதனால் மூன்றாவது ஆள் நடுவில் நின்று காவல் காக்க வேண்டும். யாரும் சொல்லித் தராமலேயே எங்கள் வீட்டில் இது ஒரு முறையாகிவிட்டது. கணவர் விழுவார் (அவர்தான் எப்போதும் விழுவார்), மகள் ஓடுவாள், நான் கேமராவையும் மைக்கையும் சுழற்றிக்கொண்டு முன்னால் நிற்பேன்.

ஆமாம், நான் ஆமைகளின் தோழியான டிவி நிருபர் ஏப்ரல் ஓ'நீல். பழைய ஆர்கேட் மெஷினில் அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் நாலு ஆமைகளும் கிளம்பும். இதில் அவளே இறங்கி அடிக்கிறாள். வேகம் அதிகம், அடியில் பலம் குறைவு.

இன்னொரு விஷயம், ஹை-ஃபைவ். அடிபட்டு உயிர் குறைந்த ஆளின் பக்கத்தில் நின்று கை தட்டினால் நம் உயிரில் கொஞ்சம் அவருக்குப் போகும். மகளுக்கு இது தெரிந்த நாளிலிருந்து தொல்லை. யாருக்கு என்ன குறைந்தாலும் ஓடி வந்து கை தட்டுவாள், தன்னிடம் ஒன்றும் மிச்சம் வைக்காமல் அடுத்த அடியில் தானே விழுவாள். "உனக்கு வச்சுக்கோடி" என்று கத்தினாலும் கேட்பதில்லை.

நள்ளிரவு_நாகா | சனி, இரவு 11:58

அக்கா சொன்னது சரி. அதன் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

ஆர்கேட் மெஷினுக்குக் காசு விழுந்தால்தான் வாழ்வு. ஒருவர் ஒரே காசில் அரை மணி நேரம் நின்றால் கடைக்காரருக்கு நஷ்டம். அதனால் பழைய மெஷினில் குதிக்க ஒரு பட்டன், அடிக்க ஒரு பட்டன், அவ்வளவுதான். தற்காத்துக்கொள்ள வழியே கிடையாது. பாஸ் அடிப்பதில் பாதியை எந்தக் கொம்பனாலும் தவிர்க்க முடியாது. அது ஆட்டத்தின் கஷ்டம் இல்லை, கட்டணம்.

'ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்' செய்தவர்கள் இதைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். விலகுவதற்கு ஒரு பட்டன் வைத்தார்கள். அடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் வெட்டி விலகலாம், அந்த நொடி நம் மேல் எதுவும் படாது. இந்த ஒரு பட்டனால் மொத்த ஆட்டமும் மாறுகிறது. இப்போது அடிபட்டால் தப்பு நம்முடையது.

அப்புறம் கேலிப் பட்டன். அழுத்தினால் ஆமை நின்று பந்தா காட்டும், நிஞ்சா சக்திக் கோடு நிறையும். அந்தக் கோடு நிறைந்தால் பெரிய அடி ஒன்று போடலாம். பந்தா காட்டும் அந்த இரண்டு நொடி நாம் கல் மாதிரி நிற்கிறோம், எவன் வந்தாலும் அடிக்கலாம். தனியாக ஆடும்போது எதிரி எழுந்திருக்கும் இடைவெளி பார்த்துத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டும். இரண்டு பேர் இருந்தால் "நீ பிடிச்சுக்கோ, நான் நிரப்பிக்கிறேன்" என்று பேசிவைத்துச் செய்யலாம். கறார் தனியாக எட்டு ஸ்டேஜ் நடந்து அலுத்துப்போனதில் வியப்பில்லை. பாதி கேமை அவர் தொடவே இல்லை.

கறார் | ஞாயிறு, காலை 7:20

கட்டணம், கஷ்டம் என்று பிரித்தது நன்று. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாலு பேர் சேர்ந்தால் கல்லெறிவதுகூட ஜாலிதான். அதற்குக் கேமுக்கு ஏன் மார்க் போட வேண்டும்?

பிக்சல்_பூபதி | ஞாயிறு, காலை 10:15

கல்லெறிவதும் ஜாலிதான், ஆனால் எந்தக் கல் யாருடையது என்று தெரிய வேண்டாமா? கேலியாகச் சொல்லவில்லை. இந்தக் கேமின் மொத்தச் சூட்சுமமும் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், காபி எடுத்துக்கொள்ளுங்கள்.

1984-இல் கெவின் ஈஸ்ட்மேனும் பீட்டர் லேர்டும் ஆமைகளைக் காமிக்ஸாகப் போட்டபோது உள்பக்கம் கறுப்பு வெள்ளை. வண்ணத்தில் வரைந்த அட்டைகளில் நாலு பேருக்கும் ஒரே சிவப்புத் துணிதான். கையில் இருக்கும் ஆயுதத்தைப் பார்த்துத்தான் யார் எவர் என்று கண்டுபிடிக்க வேண்டும். தொடரும் பொம்மையும் வந்தபோதுதான் நீலம், ஆரஞ்சு, ஊதா, சிவப்பு என்று பிரித்தார்கள், இடுப்பு வாரில் பெயரின் முதல் எழுத்தும் வந்தது. கறார் சொன்ன அதே பொம்மை வியாபாரம்தான் காரணம், மறுக்கவில்லை. பிள்ளைகள் நாலையும் வாங்க வேண்டுமென்றால் நாலும் வேறாகத் தெரிய வேண்டும்.

அந்த வியாபாரத் தேவைதான் இரண்டு வருடம் கழித்து நாலு பேர் ஒரே திரையில் ஆடுவதற்குத் தோதாக அமைந்தது. கூட்டத்துக்கு நடுவே உங்கள் கண் தேடுவது முகத்தையா ஆயுதத்தையா? நிறத்தை.

அடியாட்களையும் பாருங்கள். காமிக்ஸில் ஷ்ரெடரின் ஆட்களான ஃபுட் படையினர் மனிதர்கள், ஆமைகள் அவர்களைக் கொல்லும். குழந்தைகள் பார்க்கும் டிவியில் அது முடியாது, எனவே தொடரில் அவர்களை ரோபோ ஆக்கினார்கள். ரோபோ என்றால் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், எப்படி வேண்டுமானாலும் உடைக்கலாம், யாருக்கும் உறுத்தாது. ஆர்கேட் கேமுக்கு இதைவிட நல்ல எதிரி கிடைப்பானா? பீட்சாவும் அப்படித்தான். அந்தப் பைத்தியம் கார்ட்டூன் ஏற்றிவிட்டது. கேமில் அதுவே உயிர் மருந்து. தெருவில் ஏன் பீட்சாப் பெட்டி கிடக்கிறது என்று எவனும் கேட்க மாட்டான்.

ஆக, தொடர் எதையெல்லாம் மாற்றியதோ அதெல்லாம் கூட்டாக ஆடும் கேமுக்கு அளவெடுத்துத் தைத்தது போல விழுந்திருக்கிறது. காமிக்ஸை வைத்து இந்தக் கேமைச் செய்திருந்தால் இப்படி வந்திருக்காது என்பது என் எண்ணம்.

வரைந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ட்ரிப்யூட் கேம்ஸ், மான்ட்ரியாலில் இருக்கும் சின்னக் குழு. 2010-இல் வந்த 'ஸ்காட் பில்கிரிம்' கேமில் வேலை பார்த்த சிலர் பிரிந்து வந்து 2011-இல் தொடங்கினார்கள். இவர்கள் வரையும் அடியாட்கள் சும்மா வந்து நிற்பதில்லை. முதல் ஸ்டேஜ் சேனல் 6 டிவி நிலையம். உள்ளே போனால் ஒருவன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பான். இன்னொருவன் சமையல் நிகழ்ச்சி செட்டில் நின்று அக்கறையாகச் சமைத்துக்கொண்டிருப்பான். நாம் நெருங்கிய பிறகுதான் "ஐயோ, சண்டை இருக்கே" என்று ஞாபகம் வந்தவன் போல எழுந்து வருவான். நான் பல தடவை அடிக்காமல் நின்று பார்த்திருக்கிறேன். கூட ஆடும் தம்பி திட்டுவான்.

குரொய்டன்_அண்ணை | ஞாயிறு, மாலை 5:44

பூபதி சொன்னதோடு ஒரு சின்னக் கதை. நான் சிறுவனாக லண்டன் வந்து சேர்ந்த காலத்தில் இங்கே பிபிசியில் ஆமைகள் போகும். ஆனால் பெயரில் நிஞ்சா இல்லை, 'ஹீரோ டர்ட்டில்ஸ்'! நிஞ்சா என்ற சொல் பிள்ளைகளுக்குக் கூடாதாம். மைக்கலாஞ்சலோவின் நுன்சாக்குவும் (சங்கிலியால் இணைத்த இரட்டைக் கட்டை) கூடாதாம், அவன் அதைச் சுழற்றுகிற காட்சிகளை வெட்டிவிடுவார்கள். பிறகு தொடரிலேயே அவன் கையிலிருந்து அதை எடுத்துவிட்டு கயிறு கட்டிய கொக்கி ஒன்றைக் கொடுத்தார்கள். எனக்குக் கனகாலம் தெரியாது, அவனுக்கு மட்டும் ஏன் வடிவான ஆயுதம் இல்லை என்று யோசித்திருக்கிறேன்.

இந்தக் கேமில் அவன் நுன்சாக்குவோடு வந்து நின்றதைப் பார்க்க, முப்பது வருடக் கடன் அடைந்த மாதிரி இருந்தது. குரலும் பழைய ஆட்களுடையதே: கேம் கிளார்க், டவுன்சென்ட் கோல்மன், பாரி கோர்டன், ராப் பால்சன், தொடரில் பேசிய அதே நாலு பேர்.

ப்ளேயர்2-க்கு என் புத்திமதி: ஆறு பேர் வரை ஆடலாம் என்று பெட்டியில் பார்த்து மயங்க வேண்டாம். எங்கள் வீட்டில் நத்தாருக்குப் பிள்ளையள், மச்சான்மார் என்று ஆறு பேர் பிடித்தோம். தேர்த் திருவிழாவில் செருப்பைத் தேடுகிற கதை. ஆள் கூடக் கூட எதிரிகளும் கூடும். என் ஆமை விழுந்து கிடந்ததே எனக்குத் தெரியவில்லை, வேறு யாரோ எழுப்பிவிட்டிருக்கிறார்கள். சிரிப்புக்குச் சரி, ஆட்டத்துக்கு மூன்று அல்லது நாலு.

ஏப்ரல்அக்கா | ஞாயிறு, மாலை 6:02

மூன்று என்பதற்கு என் ஓட்டு. நாலாவது ஆள் வந்தால் பீட்சாச் சண்டை தொடங்கும். பெட்டி ஒன்று, வாய் நாலு. முழு உயிரோடு இருப்பவன் ஓடிப்போய் எடுத்துவிட்டு "தெரியாம பட்டுடுச்சு" என்பான். எங்கள் வீட்டில் அது யார் என்று சொல்ல விரும்பவில்லை.

கறார் | ஞாயிறு, இரவு 8:30

பூபதியின் நிறக் கணக்கு நான் யோசிக்காதது. தொப்பியைக் கழற்றி வைக்கிறேன்.

ஆனால் ஒன்றை எழுதியே தீருவேன், வாங்குகிறவர்களுக்கு உதவும். இது உரிமம் வாங்கிச் செய்த கேம். இந்த வகைக் கேம்கள் கடையிலிருந்து காணாமல் போகும். பூபதி சொன்ன அதே 'ஸ்காட் பில்கிரிம்' 2014 கடைசியில் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு, 2021 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. 2009-இல் 'டர்ட்டில்ஸ் இன் டைம்' புது வடிவில் வந்தது, இரண்டே வருடத்தில் விற்பனை நின்றது. ஞாபகத்துக்குக் காசு கொடுப்பதென்றால் டிஸ்க்காகவோ கார்ட்ரிட்ஜாகவோ வாங்கி அலமாரியில் வையுங்கள்.

பழையகேசட் | ஞாயிறு, இரவு 9:10

அதற்கு ஆமென். மூலத்தையே ஆட விரும்புகிறவர்களுக்கு கொனாமியின் 'கவாபங்கா கலெக்‌ஷன்' இருக்கிறது, அதுவும் 2022 ஆகஸ்டில் வந்தது. 13 பழைய கேம்கள் ஒரே பெட்டியில். அணைக்கட்டும் உண்டு. பின்னால் சுற்றிக்கொள்ளும் வசதி உண்டு, எனவே பாசியில் பட்டால் கொஞ்சம் திரும்பிப் போகலாம். இதை 1993-இல் யாராவது கொடுத்திருந்தால் நான் படிப்பில் வேறு மாதிரி வந்திருப்பேன்.

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 9:00

நடுவில் ஆமையா, ரேஞ்சரா எது உசத்தி என்று ஓடிய பன்னிரண்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

பிக்சல்_பூபதி | திங்கள், காலை 11:25

மாற்றப்பட்டதில் என் பதிவும் ஒன்று, எனவே சுருக்கமாக இங்கே. பவர் ரேஞ்சர்ஸ் ஆட்கள் 2024 டிசம்பரில் வந்த 'ரீட்டாஸ் ரிவைண்ட்'டைப் பார்க்கலாம். செய்தது டிஜிட்டல் எக்லிப்ஸ், 'கவாபங்கா கலெக்‌ஷன்' செய்தவர்களேதான். அடிதடிக்கு நடுவே வண்டி ஓட்டுவது, ராட்சச ரோபோவாக மாறிக் குத்துவது எல்லாம் உண்டு. வகை அதிகம், ஆனால் சண்டை கையில் அவ்வளவு சுகமாக உட்காரவில்லை. ஏழு வயதுக்கு ஆமையே சரி.

நள்ளிரவு_நாகா | திங்கள், நள்ளிரவு 12:40

ப்ளேயர்2, நடைமுறைக்குச் சில.

முதலில் ஸ்டோரி மோட் போங்கள், ஆர்கேட் மோட் வேண்டாம். ஸ்டோரியில் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் சேமித்துக்கொள்ளும், சாப்பிட எழுந்து போகலாம். ஆர்கேட் மோடில் வாய்ப்புகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான், தீர்ந்தால் முதலிலிருந்து. பிள்ளை அழும்.

கஷ்டம் மூன்று நிலை. குறைந்ததை வையுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரே ஆளைப் பிடித்துக்கொள்ளட்டும். ஸ்டோரியில் அடிக்க அடிக்க அந்த ஆளின் உயிர்க் கோடு நீளும், புது அடிகள் வரும். ஆளை மாற்றினால் புது ஆள் கீழிருந்து தொடங்குவார்.

ஏழு வயதுக்காரிக்கு மைக்கலாஞ்சலோ அல்லது ஏப்ரல், இரண்டும் வேகம். ரஃபேல் கை குட்டை, அடி பலம், பெரியவனுக்குக் கொடுங்கள். ஆமைகளின் குரு ஸ்ப்ளின்டர் மெதுவாக அசைவார், ஆனால் விழுகிற அடி இடி. டொனடெல்லோவின் அடி தூரத்திலிருந்தே எட்டும், பயந்தவர்களுக்கு நல்லது. கேசி ஜோன்ஸ் வேண்டுமென்றால் கதையை முடிக்க வேண்டும், ஒளித்து வைத்திருக்கிறார்கள். 2023-இல் வந்த கூடுதல் தொகுப்பில் உசாகியும் கராயும் வருகிறார்கள். அதெல்லாம் பிறகு.

பாட்டைக் குறைத்து வைக்காதீர்கள். டீ லோப்ஸ், 'சோனிக் மேனியா'வுக்கு இசை போட்டவர். டைட்டில் பாட்டு மைக் பாட்டன் குரலில்.

ப்ளேயர்2 | அடுத்த ஞாயிறு, இரவு 10:50

எல்லாருக்கும் நன்றி. கார்ட்ரிட்ஜாகவே வாங்கிவிட்டேன், கறாருக்குத் தனி நன்றி.

நேற்று மாலை நாலு பேரும் உட்கார்ந்தோம். நாகா சொன்னபடி ஆள் பிரித்துக்கொடுக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அண்ணன் டொனடெல்லோவை எடுத்துவிட்டார். முப்பது வருடமாகியும் அதே ஆள். கேட்டால், "உனக்குத்தான் அவனைப் பிடிக்காதே, எப்பவும் தூங்கிட்டு இருப்பான்னு சொல்வியே" என்கிறார். நானா சொன்னேன்? சரி, நான் லியோனார்டோ. பெரியவன் ரஃபேல். சின்னவள் ஏப்ரல், ஏனென்றால் மஞ்சள் சட்டை.

முதல் அரை மணி நேரம் அவள் திரையின் ஓரத்தில் காற்றை அடித்துக்கொண்டிருந்தாள். சமையல் செட்டில் நிற்கிறவனைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "சித்தப்பா, அவன் என்ன சமைக்கிறான்?" என்று கேட்டாள். பூபதி, உங்களுக்கு ஒரு சிஷ்யை கிடைத்திருக்கிறாள். எதிரி முகம் கண்ணாடியில் வந்து மோதியபோது இரண்டும் பாயில் உருண்டு சிரித்தன. பழையகேசட்டிடம் புகார் ஏதுமில்லை.

இரண்டாவது ஸ்டேஜ் பாஸிடம், அதாவது காண்டாமிருகம் ராக்ஸ்டெடியிடம், அண்ணன் விழுந்தார். எழுப்பும் பட்டனை யாருக்கும் இன்னும் சொல்லித் தரவில்லை. அவர் கன்ட்ரோலரைக் குலுக்குகிறார், எல்லாப் பட்டனையும் அழுத்துகிறார், ஆமை அசையவில்லை. தலைக்கு மேல் எண்ணிக்கை இறங்குகிறது.

"டேய், என் ஆள் ஏன் நகர மாட்டேங்குறான்?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "உன் ஆள் தூங்குறான்ணே. எழுந்ததும் சொல்றேன்."

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு அண்ணன் சிரித்தார். அதற்குள் சின்னவள் எதை அழுத்தினாளோ, ஏப்ரல் போய்ப் பீட்சாவைக் காட்டி எழுப்பிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் காவலுக்கு நிற்கவில்லை, ராக்ஸ்டெடி வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தான், அதிர்ஷ்டம்.

ஆறு ஸ்டேஜ் முடிந்தது, மீதி நாளைக்கு. ஒரே ஒரு பிரச்சினை. நாலாவது கன்ட்ரோலரில் இடது குச்சியைத் தொடாமலேயே ஆள் மேல் பக்கமாக நடக்கிறான். நேற்று அது என் பங்குக்கு வந்தது. வீட்டிலேயே சுத்தம் செய்ய ஏதாவது வழி இருந்தால் காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள். அண்ணன் தன்னுடையதை மாற்றித் தர மாட்டார்.